ஞானம் என்னும் சொல்



‘ஞானம்’ என்னும் சொல் நம் இல்லங்களில் பழகிய சொல். குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம்; அதற்கு ஞானத்தந்தையும் ஞானத்தாயும்; வளர்ந்தபின் ஞானோபதேச வகுப்பு. பெயரிடும்போதும் ஞானப்பிரகாசம், ஞானம்மாள் என்று பெயரிட்டு மகிழ்கிறோம். இத்துணை நெருக்கமான சொல்லுக்குப் பொருள் யாது எனக் கேட்டால், ‘அறிவு’ என்றே பலரும் விடை பகர்வர். ஆயின் திருச்சபை அவ்வாறு கருதவில்லை. உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் தூய ஆவியின் ஏழு கொடைகளுள் ஞானம் ஒன்று, அறிவு மற்றொன்று. இரண்டும் ஒன்றேயாயின் கொடைகள் ஆறாகிவிடும் அன்றோ!

‘அறிவு’, ‘அறி’ என்னும் தமிழ் வேரில் பிறந்தது. ‘ஞானம்’ வடமொழியினின்று வந்தது. அதன் வேர்க்கும் அறிதல் என்பதே பொருள். கிரேக்கரின் ‘க்னோசிஸ்’ என்னும் சொல்லும் அதே குடும்பத்தது. பிறப்பால் பொருள் ஒன்றாயினும், வழக்கில் தமிழர் இரண்டையும் வேறுபடுத்தினர். உலகப் பொருள்களைத் தெரிந்துகொள்வது அறிவு. இறைவனை நோக்கி வாழ்வைத் திருப்பும் தெளிவு ஞானம். 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவ போதகராம் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் தம் மறைக்கல்வி நூலை ‘ஞானோபதேசம்’ என வழங்கியதும், வீரமாமுனிவர் தம் உரைநடை நூலொன்றுக்கு ‘ஞான உணர்த்துதல்’ எனப் பெயரிட்டதும் இக்கருத்துப் பற்றியே.

விவிலியம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஞானத்தைக் குறிக்கும் ‘ஹொக்மா’ என்னும் எபிரேயச் சொல், கைவினைத் திறனையும் குறிப்பது. கூடாரப் பணிக்காக இறைவன் பெட்சலேல் என்னும் கைவினைஞரைத் தம் ஆவியாலும் ஞானத்தாலும் நிரப்பினார் என விடுதலைப் பயண நூல் கூறுகிறது. அப்பணிக்காக நூல் நூற்ற பெண்களையும் அந்நூல் ஞானமுள்ளவர் என்றே போற்றுகிறது. அவ்வழக்கின்படி பார்த்தால், உறையூரில் தறியில் அமர்ந்து இழை அறாமல் நெய்த முதியவரும் ஞானியே! ஞானம் ஏட்டில் மட்டும் தங்குவதன்று. கையில் இறங்கிச் செயலாவது.

இலத்தீன் மொழியில் ஞானத்துக்கு ‘சபியென்சியா’ என்று பெயர். சுவைத்தல் என்னும் பொருளுடைய வினையினின்று அது பிறந்தது. தேன் இனிக்கும் என நூலில் படித்தவனுக்கும், தேனை நாவில் வைத்தவனுக்கும் உள்ள வேறுபாடே அறிவுக்கும் ஞானத்துக்கும் உள்ள வேறுபாடு. ஆகையால்தான் புனித அக்குவினாஸ் தோமையார் ஞானக் கொடையை அன்பு என்னும் புண்ணியத்தோடு இணைத்தார். அன்பு செய்யாதவன் இறைவனைப் பற்றிப் பேசலாம்; சுவைக்க இயலாது.

நம் ஸ்ரீரங்கத்தில் வழங்கிவரும் ஒரு வரலாறும் இவ்வுண்மையை விளக்கும். பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்திருப்பதால், அதனைத் தயங்காது கூறுகிறேன். யக்ஞமூர்த்தி என்னும் வாத வல்லுநர் நூல்களைச் சுமந்துவந்து இராமாநுசருடன் 18 நாள்கள் வாதிட்டார் என வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும். இறுதியில் அவர் சீடரானார். ஆசிரியர் அவருக்குத் தம் பெயரையே சேர்த்து அருளாளப் பெருமாள் எம்பெருமானார் எனப் பெயரிட்டு, தனி மடமும் அமைத்துத் தந்தார். ஒருநாள் வெளியூரார் வந்து எம்பெருமானார் மடம் எது என வினவ, ‘எந்த எம்பெருமானார்?’ என்று ஊரார் திருப்பிக் கேட்டனராம். அது செவியில் விழுந்ததும் சீடர் தம் மடத்தை இடித்துவிட்டு, ஆசிரியரிடமே சென்று தங்கிப் பணிவிடை செய்தார். பின்னர் அவர் தமிழில் இயற்றிய நூலின் பெயர் ‘ஞானசாரம்’. சுமந்து வந்த நூல்கள் அறிவைத் தந்திருந்தன. மடத்தை விட்ட நாளிலன்றோ ஞானம் வெளிப்பட்டது!

நம் குடும்பங்களுக்கு வருவோம். தந்தை விட்டுச்சென்ற வீட்டுக்காக உடன்பிறந்தார் இருவர் வழக்காடுவதைப் பங்குகள்தோறும் காண்கிறோம். இருவரும் பட்டம் பெற்றவர்கள். பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் இருவருக்கும் தெரியும். இன்றிரவு அம்மா யார் வீட்டில் உண்பாள் என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது. கையெழுத்திடவும் அறியாத அத்தாயோ, வீடு போனாலும் போகட்டும், பிள்ளைகள் பேசிக்கொண்டால் போதும் என்று செபமாலையைக் கையில் எடுக்கிறாள். அக்குடும்பத்தில் ஞானி யார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

சாலமோன் அரசர் இறைவனிடம் வேண்டியது செவிகொடுக்கும் உள்ளம். அதைப் பெற்றதனால்தான், ஒரு குழந்தைக்காக வாதிட்ட இரு பெண்களுள் விட்டுக்கொடுத்தவளே தாய் என அவர் கண்டுகொண்டார். எதைப் பற்றிக்கொள்வது, எதை விட்டுவிடுவது எனத் தெரிவதே ஞானம்.

பெற்றோரே, தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் மதிப்பெண் கேளுங்கள், தவறில்லை. கூடவே, “தம்பி, இன்று யாருக்கு விட்டுக்கொடுத்தாய்? யார் துயரத்துக்குச் செவிகொடுத்தாய்?” என்றும் கேளுங்கள். பிள்ளை அதே கேள்வியை உங்களிடம் திருப்பிக் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள்.

தூய ஆவியின் கொடைகளை எசாயா இறைவாக்கினர் ஞானத்தில் தொடங்கித் தெய்வ பயத்தில் முடிக்கிறார். மேலிருந்து இறங்கிவரும் அப்படிகளில் நாம் கீழிருந்து ஏறவேண்டும் என விளக்கினார் புனித அகுஸ்தீனார். முதற்படி தெய்வ பயம். இன்று மாலைக் குடும்பச் செபத்தில், பேசாதிருக்கும் உடன்பிறந்தார் ஒருவரின் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். அதுவே அப்படியில் எடுத்து வைக்கும் முதல் அடி.

இறை ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.