வன்செயலுக்குக் காரணம் தேடிய மருத்துவர்

கொலை புரிந்த ஒருவன் நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்படும்பொழுது, மனநோய் மருத்துவரிடம் சட்டம் எழுப்பும் வினா மிகக் குறுகியது. தன் செயல் இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய இயலாத சித்தக் கோளாறு அவனுக்கு இருந்ததா என்பதே அது. 1843இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட இவ்விதி, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 22ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அவன் ஏன் கொன்றான் என்று அவ்விதி கேட்பதில்லை.

கேட்கப்படாத அவ்வினாவையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கில்லிகன். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், 1977இல் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்துப் பிரிட்ஜ்வாட்டர் சிறை மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அம்மாநிலச் சிறைகளில் கொலையும் தற்கொலையும் மிகுந்திருந்த காலம் அது. பிரிட்ஜ்வாட்டரின் அவலத்தைக் காட்டி 1967இல் வெளிவந்த திரைப்படத்தைப் பொதுமக்கள் காணவொட்டாமல் அம்மாநில நீதிமன்றம் தடுத்தது. அத்தடை நீங்க 1991 வரை ஆயிற்று. நோயைக் காட்டிலும் நோயின் படமே அஞ்சத்தக்கதாயிற்றுப் போலும்!

கைதிகளிடம் பொறுமையுடன் உரையாடிய கில்லிகன், தாக்கியதற்குக் காரணம் கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் ஒரே வகையான விடையையே பெற்றார்: எதிராளி தன்னை மதிக்கவில்லை என்பதே அது. அவமானமே வன்செயலின் நோய்க்கிருமி என்று 1996இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். கிருமி புகுந்த உடல் அனைத்தும் நோயுறுவதில்லை. இழிவுற்றோர் அனைவரும் கொலைஞராவதுமில்லை. கல்வியாலோ தொழிலாலோ இழந்த மதிப்பை மீட்க வழியற்றவனும், பிறர்பால் பரிவு வேரூன்றாதவனுமே அந்நிலையை எய்துகிறான்.

இதினின்று அவர் கொண்ட முடிவு பலருக்குக் கசந்தது. இழிவுபடுத்தும் தண்டனை அவமானத்தைப் பெருக்குகிறது. அதே வேளையில், செய்ததற்குக் கடன் தீர்த்துவிட்டேன் என்னும் எண்ணத்தைத் தந்து குற்றவுணர்ச்சியைக் குறைக்கிறது. இது குற்றவாளிக்குப் பரிந்து பேசுவதென்பார் உளர். காலரா பரவும் வழியை ஆராய்ந்தவரைக் காலராவின் நண்பர் என்று எவரும் சொன்னதில்லை. ஆபத்தானவனை அடைத்து வைப்பதைக் கில்லிகன் மறுக்கவுமில்லை. எனினும் கூலிக்குக் கொலை செய்பவனையும், மதுவெறியில் தாக்குபவனையும் இக்கொள்கையொன்றே முற்றும் விளக்கிவிடும் எனல் மிகையேயாம்.

ஆசிரியர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பிரம்பைப் பறிமுதல் செய்யலாம். வகுப்பு முழுதும் நகைக்க ஒரு சிறுவனை எழுப்பி நிறுத்தும் வழக்கத்தை எந்த அதிகாரி பறிமுதல் செய்வார்? கிராமத்தில் வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளரும், குடும்பத் தலைவனை அயலார் முன்னிலையில் கடிந்துகொண்டால், அன்றிரவு அடி யார்மேல் விழும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிறைக்குள் கல்லூரிக் கல்வி பெற்றோர் மீண்டும் குற்றம் புரிந்து திரும்புவது மிக அரிதென்று கில்லிகன் தம் அனுபவத்தால் கூறினார். ஆயினும் கைதிகளின் கல்லூரிப் படிப்புக்கு அளிக்கப்பட்டு வந்த உதவித்தொகையை அமெரிக்கக் கூட்டரசு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுத்தியது. நாடு முழுவதும் அது மீண்டும் கிடைக்கலானது 2023 ஜூலையில்தான்.