நல்லூரில் மாலைநேர உயிரியல் சமுதாயக் கல்லூரி தொடங்க வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
நல்லூர் வட்டாரப் பனியன் தொழிலாளர் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கல்விச் சங்கத்தார்,
காங்கேயம் சாலை, நல்லூர், திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருப்பூர்.

நகல்: கல்லூரிக் கல்வி ஆணையர், சென்னை, பதிவாளர், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னை, ஆணையர், திருப்பூர் மாநகராட்சி.

பொருள்: வேலைக்குப் போய்க்கொண்டே உயிரியல் படிக்க, ஆய்வகத்தோடும் செல்லுபடியாகும் சான்றிதழோடும் நல்லூரில் சமுதாயக் கல்லூரி அமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர் / ஐயா,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் சிங்கர், ஓவர்லாக் டைலர்கள், செக்கிங் பெண்கள், கட்டிங் மாஸ்டர்கள், சாயப்பட்டறையிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் வேலை பார்ப்பவர்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் பத்தாவதோடும் பிளஸ் டூவோடும் கம்பெனிக்கு வந்துவிட்டார்கள். படிப்பு ஏறாததால் வந்தவர்கள் குறைவு. வாரச் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்பட்டதால் வந்தவர்களே அதிகம். அவர்களில் உயிரியல் படிக்க வேண்டும் என்று விடாமல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த மனு.

பனியன் ஊரில் உயிரியல் எதற்கு என்று அலுவலகங்களில் கேட்கிறார்கள். இந்தத் தொழிலே பாதி உயிரியல்தான். கடையில் ‘பயோ வாஷ்’ என்று எழுதி விற்கும் டி-சர்ட்டின் வழவழப்புக்குக் காரணம் செல்லுலேஸ் என்ற நொதி. பூஞ்சைகளிலிருந்து எடுக்கப்படும் அது, துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு நுனிகளைத் தின்று எடுத்துவிடுகிறது. சூடும் புளிப்பும் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். நேரத்தில் நிறுத்தாவிட்டால் துணியின் பலத்தையும் தின்றுவிடும். பட்டறை மாஸ்டர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். ஏன் அப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆளில்லை.

சாயக்கழிவு விஷயத்தில் இந்தக் குறை இன்னும் பெரிது. நொய்யல் ஆற்றில் 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எப்படிச் சாயக்கழிவுக் குட்டையானது என்பதும், கீழே காங்கேயம் பக்கத்து விவசாயிகளின் நிலமும் கிணறும் என்ன ஆயின என்பதும் தங்கள் அலுவலகக் கோப்புகளிலேயே உள்ளன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் வீடுகளில் வேலை நின்றது. அதன் பிறகு, கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறிய ஆலைகளே ஓடுகின்றன. அந்த முறையில் சவ்வு வடிகட்டிகளுக்கும் ஆவியாக்கிகளுக்கும் முன்னால் தண்ணீரைச் சுத்தம் செய்வது பாக்டீரியாக்கள். அவை செத்துப்போனால் பின்னால் உள்ள கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரம் அடைத்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாக்கள் இருக்கும் தொட்டியின் மேல் நின்று காற்றடிப்பானைப் போடுகிறவர், ஜாடியில் முப்பது நிமிடம் சேறு எவ்வளவு படிகிறது என்று பார்த்து எழுதுகிறவர், எங்கள் தெருக்காரர். அந்தச் சேற்றை ஒரு முறையாவது மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததில்லை. நொய்யல் திரும்பப் பிழைக்க வேண்டுமென்றால் முதலில் படிக்க வேண்டியவர் அவர்தான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

படிப்பதற்கான களமும் பக்கத்திலேயே இருக்கிறது. பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்த நஞ்சராயன் குளம் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. எங்கள் சாலையிலேயே கிழக்கே போனால் காங்கேயம் காளையும் அது மேயும் கொறங்காடும். இத்தனையும் சுற்றியிருக்க, உயிரியலைப் புத்தகத்தில் மட்டும் படிக்க வேண்டியதில்லை.

சமுதாயக் கல்லூரி என்பது நாங்கள் புதிதாகச் சொல்லும் யோசனை அல்ல. அமெரிக்காவின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி முறையில்தான் அங்கே வேலை செய்வோர் பலர் உயிரியலின் முதல் பாடத்தைப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். நம் பக்கத்தில் 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கு வழிமுறைகள் வகுத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் தையல், கம்ப்யூட்டர், அழகுக்கலை என்றே நிறுத்திக்கொள்கிறார்கள். தையல் எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அறிவியல் வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. முதலாவது நேரம். ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிறது. அதற்குமேல் எந்த வகுப்பும் நடக்காது. ஞாயிறு முழுநாளும், வார நாட்களில் இரண்டு மாலையும் வகுப்பு வைக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் படிப்பவர்களை ஒரு ஷிப்ட்டோடு, அதாவது ஐந்தரைக்கு விட்டுவிடும்படி தொழிலாளர் துறை மூலம் கம்பெனிகளுக்கு அறிவுறுத்த வேண்டும். கூடுதல் நேர வேலை தொழிலாளியின் விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும், அதைத் தவிர்த்ததற்காக யாருடைய வேலையும் போகக்கூடாது. விடுதியில் தங்கியிருக்கும் பெண்களுக்கு வார்டன் அனுமதியும், திரும்பிப் போகப் பேருந்தும் உறுதி செய்யப்பட வேண்டும்.

இரண்டாவது ஆய்வகம். இதில் எந்தச் சமரசத்துக்கும் நாங்கள் தயாரில்லை. புதுக் கட்டடம் கேட்கவில்லை. இப்பகுதி அரசு மேல்நிலைப் பள்ளிகளின் உயிரியல் ஆய்வகங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, மைக்ரோஸ்கோப், இன்குபேட்டர், ஆட்டோகிளேவ் ஆகியவற்றைச் சேர்த்துத் தந்தால் போதும். ஞாயிறு மட்டும் திறந்தால் பயனில்லை. கழிவுநீரின் பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) அளவை எடுக்க, மாதிரியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்த பாட்டிலைப் புதன்கிழமை திறந்து அளந்தாக வேண்டும். வார நாள் மாலையைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, யாரைச் சேர்ப்பது என்பது. பிளஸ் டூவில் காமர்ஸோ தொழிற்பிரிவோ எடுத்தவருக்கு உயிரியல் பட்டப்படிப்பின் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. பதினைந்து வயதில் குடும்பச் சூழ்நிலையால் எடுத்த பிரிவு ஒருவரை ஆயுள் முழுக்கக் கட்டிப்போடுவது நியாயமில்லை. முதல் ஆறு மாதம் அடிப்படை உயிரியலும் வேதியியலும் தமிழில் கற்பித்து, தேறியவர்களை டிப்ளமோவில் சேர்க்க வேண்டும். வயது வரம்பு வேண்டாம். ஊரில் வாழும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்து படிக்க வழி வேண்டும்.

சான்றிதழைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறோம். ஆறு மாதத்துக்குச் சான்றிதழ், ஓராண்டுக்கு டிப்ளமோ, இரண்டாண்டுக்கு மேல்நிலை டிப்ளமோ, அதிலிருந்து பட்டப்படிப்புக்கு நேரடி வழி என்று படிக்கட்டாக அமைய வேண்டும். எந்தப் படிப்பு எந்த வேலைக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே அச்சிட வேண்டும். மருத்துவ ஆய்வகப் படிப்பை எங்கள் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். 2022 ஜனவரியில் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் அந்த ஆசை கூடியிருக்கிறது. ஆனால் உரிய மன்றத்தின் ஒப்புதலும் அரசு மருத்துவமனையில் பயிற்சியும் இல்லாமல் அதைத் தொடங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டு வருடம் தூக்கத்தைக் கெடுத்துப் படித்த பெண்ணிடம், இந்தக் காகிதம் செல்லாது என்று சொல்லும் நிலை வரக்கூடாது. அந்த ஒப்புதல் கிடைக்கும்வரை கழிவுநீர்ப் பரிசோதனை, நொதிப் பயன்பாடு, நீர்நிலை உயிரியல் ஆகியவற்றை முதலில் தொடங்கலாம்.

கட்டணம் ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் உதவி இந்த மாணவர்களுக்கும் கிடைக்கத் தெளிவான ஆணை வேண்டும்.

இம்மனுவின் மீது கல்லூரிக் கல்வித் துறை, தொழிலாளர் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநகராட்சி ஆகியவற்றின் அலுவலர்களை ஒன்றாக அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறும், அதில் எங்கள் உறுப்பினர்களும் பேச இடமளிக்குமாறும் வேண்டுகிறோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால், படிக்கக் காத்திருப்பவர்கள் ஒருநாள் சம்பளத்தை இழக்காமல் நேரில் வந்து பேசுவார்கள்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்,
நல்லூர், திருப்பூர்.

இணைப்பு: சேர விரும்புவோரின் கையெழுத்துப் பட்டியல், அவரவர் படித்த வகுப்பு, வேலை நேர விவரத்துடன்.