மின்னல் வரிசையில் ஒரு குடும்பம்

க்யூவில் நிற்பது பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ரேஷன் கடை வாசலில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் நாம். திருப்பதிக்கு இலவச தரிசனமா, முந்நூறு ரூபாய் டிக்கெட்டா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்திவிட்டுக் கிளம்புகிறவர்கள். "சார், நான் இங்கேதான் நின்னுட்டிருந்தேன்... தண்ணி குடிக்கப் போனேன்" என்ற வசனத்தைப் பேசாத ஆண்மகன் உண்டா?

அப்பேர்ப்பட்ட நம்மையே திணற அடிக்கும் க்யூ ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஃப்ளோரிடா மாநிலம், ஆர்லண்டோ பக்கத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971-ல் திறந்தது. உள்ளே நாலு பார்க். உங்கள் ஆபீசிலேயே ஒருத்தருக்கு அமெரிக்காவில் தம்பியோ மச்சானோ இருப்பார். அவர் அப்பா அம்மாவை விசிட்டர் விசாவில் வரவழைத்து, நயாகராவைக் காட்டிவிட்டு, அடுத்து அழைத்துப் போகும் இடம் இதுதான். அங்கே போனதும் உல்லாசப் பயணம் முடிந்து ஆடிட்டிங் ஆரம்பமாகிவிடும்!

கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், ஒரே பாராதான்.

கலிஃபோர்னியாவில் 1955-ல் டிஸ்னிலாண்ட் திறந்த கொஞ்ச நாளிலேயே கூப்பன் புத்தகம் வந்துவிட்டது. 'ஏ' கூப்பன் என்றால் சாதா சவாரி. 1959-ல் வந்த 'இ' கூப்பன் என்றால் ஸ்பெஷல் சாதா. 1982-ல் அதையெல்லாம் ஒழித்து, ஒரே டிக்கெட், எதில் வேண்டுமானாலும் ஏறு என்றார்கள். கல்யாண வீட்டு ஐஸ்க்ரீம் ஸ்டாலில் என்ன நடக்குமோ அது நடந்தது. 1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' கொண்டு வந்தார்கள். சவாரி வாசலில் மெஷின். டிக்கெட்டை நுழைத்தால், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் வா என்று துண்டுச் சீட்டு தரும். இலவசம்! அப்புறம் அதுவே கம்ப்யூட்டருக்குப் போய், பார்க் ஓட்டலில் தங்குகிறவர்கள் 60 நாள் முன்கூட்டியே பதிவு செய்தார்கள். 2020-ல் கொரோனா வந்து மூடியது. 2021 அக்டோபரில் அதே சங்கதி 'ஜீனி ப்ளஸ்' என்ற பெயரில், ஆளுக்கு நாளைக்கு 15 டாலர் என்று திரும்பி வந்தது. 2024 ஜூலையில் பெயர் மாறி 'லைட்னிங் லேன்' பாஸ் ஆனது. அதாவது மின்னல் வரிசை. மூன்று சவாரிகளை முன்பதிவு செய்யலாம். அவர்கள் ஓட்டலில் தங்கினால் 7 நாள் முன்னால், மற்றவர்களுக்கு 3 நாள் முன்னால். விலை தேதிக்குத் தேதி மாறும், கோயம்பேடு தக்காளி மாதிரி.

ஒரு வேடிக்கை. ஃப்ளோரிடாவில் கோடைக்கால மதியங்களில் இடி மின்னல் சகஜம். நிஜ மின்னல் வந்தால் வெட்டவெளியில் ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஆக, மின்னல் வந்தால் மின்னல் வரிசைக்கு லீவு!

"காசு கொடுத்தா சீக்கிரம் ஏறலாம். இதுல என்ன தப்பு?" என்கிறீர்களா? பி.காம். படித்தவன் கையில் பேனா சும்மா இருக்காது. ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு சவாரியில் மணிக்கு 1600 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் 600 பேர். நேர்மையான ஒரே க்யூ என்றால் சுமார் 23 நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். இப்போது அந்த 1600-ல் 1000 இடத்தை முன்பதிவுக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் 600. அதே இடத்தில் நிற்கும் நீங்கள் ஏற ஒரு மணி நேரம் ஆகும். சவாரியில் ஒரு சீட்டுகூடக் கூடவில்லை, ஸார். ஒருத்தர் கணக்கில் வரவு வைத்த நிமிடம் இன்னொருத்தர் கணக்கில் பற்று. 1999-ல் அந்தப் பற்று வரவு இலவசமாக நடந்தது. இப்போது கமிஷனோடு நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் பாஸ் வாங்காதே என்று சொல்ல மாட்டேன். வாங்கிய பாஸ் உங்களை வாங்கிவிடக் கூடாது என்பதுதான் விஷயம்.

என்னோடு படித்த நண்பன் ஒருவன் நியூஜெர்ஸியில் இருக்கிறான். மனைவி, ஆறு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா என்று ஆறு பேராக ஆர்லண்டோ போனான். ஒரே ஒரு நாளுக்கு எக்ஸெல்லில் 22 வரி ப்ளான்! 'பாத்ரூம் - 7 நிமிடம்' என்று தனி வரி வேறு.

அவன் அப்பா ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். முந்தின நாள் ராத்திரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தார்.

"ஏம்ப்பா... இதுல ரெகவரி டைம் எங்கே?"

"அப்படின்னா என்னப்பா?"

"டைம்டேபிள் போடறப்ப நடுவுல கொஞ்சம் நிமிஷம் சும்மா சேர்த்து வெப்போம். சிக்னல் விழலேன்னா, மாடு குறுக்கே வந்துட்டா, அதுல சரிக்கட்டிக்கலாம். அது இல்லாத வண்டி பேப்பர்லதான் ஓடும். உன் வண்டியில மூணு வயசுப் பையன் இருக்கான். முட்டிவலிக்காரி உங்கம்மா இருக்கா. ஒரு மாடு இல்லேப்பா... மந்தையே இருக்கு!"

"மாமா சொல்றது ரொம்ப கரெக்ட்" என்றார் மருமகள், இரண்டு மாதமாகச் சொல்லக் காத்திருந்த குரலில்.

பென்சிலை எடுத்து அடித்தார் பெரியவர். 22 வரி 6 ஆனது. அந்த ஆறிலிருந்து நான் திரட்டிய சாரம் இதோ:

ஒன்று: ஆளுக்கு ஒரே ஒரு சவாரி கேளுங்கள். 'எதெல்லாம் வேணும்?' என்று கேட்டால் பட்டியல் வரும். 'எது இல்லேன்னா அழுவே?' என்று கேட்டால் பதில் வரும். அதற்கு மட்டும் பதிவு.

இரண்டு: குழந்தையின் உயரத்தை வீட்டுக் கதவிலேயே அளந்துவிடுங்கள். மேஜிக் கிங்டத்தில் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம், ட்ரானுக்கு 48 அங்குலம் வேண்டும். வாசலில் போய் அளந்து அழ வைப்பதைவிட இது மேல். ஒரு வாரத்தில் ஹார்லிக்ஸ் கொடுத்து வளர்த்துவிடலாம் என்று கனவு காணாதீர்கள்.

மூன்று: பொடியன் ஏற முடியாத சவாரிக்கு 'ரைடர் ஸ்விட்ச்' கேளுங்கள். அப்பா ஏறும்போது அம்மா பொடியனோடு இருக்கலாம். அப்பா இறங்கியதும் அம்மா மறுபடி முழு க்யூ நிற்காமல் ஏறலாம். காசு கிடையாது.

நான்கு: அவர்கள் ஓட்டலில் தங்குகிறவர்களை அரை மணி முன்னதாக உள்ளே விடுவார்கள். அந்த அரை மணியில் முடிகிற சவாரிக்குப் பணம் கட்டிப் பதிவு செய்வது, நிலா வெளிச்சத்தில் டார்ச் அடிக்கிற மாதிரி.

ஐந்து: இரண்டு பதிவுக்கு நடுவில் ஒன்றரை மணியாவது விடுங்கள். பதிவுக்கு ஒரு மணி நேர அவகாசம் உண்டு. முதல் நிமிடமே ஓடிப் போய் நிற்க அது ஆபீஸ் பஞ்சிங் கார்டு இல்லை.

ஆறு: மதியம் ஓட்டல் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். வெயிலும் இடியும் கூட்டமும் சேர்ந்து வரும் நேரம் அது. பார்க்கினுள் வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாம், கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது. புளியோதரைக்கு மின்னல் வரிசை தேவையில்லை.

மாலை ஐந்தரைக்கு அவர்களுக்குக் கடைசிப் பதிவு. அதற்கு முன் சும்மா இருக்கட்டுமே என்று பார்க்கைச் சுற்றி ஓடும் ரயிலில் ஏறினார்கள். பொம்மை ரயில் இல்லை. 1916-லிருந்து 1928-க்குள் பால்ட்வின் கம்பெனி செய்து, மெக்ஸிகோவின் யுகாட்டானில் உழைத்து ஓய்ந்த நிஜ நீராவி இன்ஜின்கள். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம்.

பெரியவருக்கு முகமே மாறிவிட்டது. கரி இன்ஜின் காலத்து ராத்திரி டூட்டி, லாந்தர் விளக்கு, டோக்கன் வளையம் என்று பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு சுற்று முடிந்தது. "தாத்தா, இன்னொரு தடவை!" இரண்டாவது சுற்று. மணி ஐந்தரை. நண்பன் போனை எடுத்தான். மனைவி ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கித் தன் பைக்குள் போட்டார். மூன்றாவது சுற்று. ஆறரைக்கு அந்தப் பதிவு காலாவதி.

மறுநாள் போனில் என்னிடம் கேட்டான்: "நீ பி.காம். ஆச்சே... அப்பாவுக்கு எழுபத்தாறு. இனிமே இவ்வளவு தூரம் வருவாரான்னு தெரியாது. அந்த ஐந்தரை மணி பாஸை நஷ்டத்துல எழுதறதா, லாபத்துல எழுதறதா?"

நான் சொன்னேன்: "அசையாச் சொத்துல எழுது. தேய்மானம் போடாதே!"