உங்க டாஷ்போர்டுக்கு "தெரியாது"ன்னு சொல்லத் தெரியுமா?

மக்களே, முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்குவோம். நம்ம டிபார்ட்மென்ட்ல போன ரெண்டு வருஷத்து மினி ப்ராஜெக்ட்டுகளை வரிசையா அடுக்கி வெச்சா, பாதிக்கு மேல ஐ.பி.எல். டாஷ்போர்டாத்தான் இருக்கும். மீதியில பாதி கோவிட். எல்லாத்துக்கும் கருப்பு பேக்ரவுண்டு, மேல நாலு பெரிய நம்பர், இடது பக்கம் டீம் செலக்ட் பண்ற டிராப்-டவுன், நடுவுல ஒரு பை சார்ட். "டேட்டா எங்கேருந்து எடுத்தீங்க?"ன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்: "காகிள், சார்." நானும் அதே வரிசையில நின்னவன்தான். அதனால யாரையும் கிண்டல் பண்ற தகுதி எனக்கு இல்ல.

டாஷ்போர்டு எப்படிச் செய்யறதுன்னு இங்க சொல்லித்தரப் போறதில்ல. அதுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. ஸ்ட்ரீம்லிட், பவர் பி.ஐ., டேப்லோ, எதை எடுத்தாலும் ஒரு வார இறுதியில கத்துக்கலாம். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். விளையாட்டோ நாட்டு நடப்போ, நாம செய்யற டாஷ்போர்டு தனக்குத் தெரியாததைத் "தெரியாது"ன்னு காட்டணும். அப்படிக் காட்டத் தெரியாத டாஷ்போர்டு எவ்வளவு அழகா இருந்தாலும் அதை வெளியே விடக்கூடாது. இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த மழை ராத்திரி

மூணாவது வருஷம் நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு ஏரி டாஷ்போர்டு செஞ்சோம். ஐ.பி.எல். வேண்டாம், வித்தியாசமா ஏதாவது செய்வோம்னு ஆரம்பிச்சது. சென்னைக்குத் தண்ணி தர்ற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளோட நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் இதெல்லாம் தினமும் காலையில இணையத்துல வெளியாகும். அதைப் பைத்தான் ஸ்கிரிப்ட் போட்டு எடுத்து, ஒவ்வொரு ஏரியையும் ஒரு டேங்க் மாதிரி வரைஞ்சோம். செம்பரம்பாக்கத்தோட முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. தண்ணி ஏற ஏற டேங்க் நீலமா நிரம்பும். மூலையில "லைவ்"ன்னு ஒரு பச்சைப் புள்ளி கண் சிமிட்டும். பக்கம் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா ரிஃப்ரெஷ் ஆகும்.

ரிவ்யூவுல நல்ல பேரு. அந்தப் பெருமையில லிங்க்கை எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டோம். எங்க வீட்டுக்காரங்க, அவங்க தெருக்காரங்கன்னு பரவிடுச்சு.

வடகிழக்குப் பருவமழை நல்லாப் பிடிச்சு ஊத்திக்கிட்டிருந்த ஒரு ராத்திரி, ஹாஸ்டல்ல என் ரூம்மேட் போனை என் கையில கொடுத்தான். "டேய், எங்கம்மா உன்கிட்ட பேசணுமாம்." அவங்க வீடு அனகாபுத்தூர்ல, அடையாறு ஆத்துக்குப் பக்கம், தரைத்தளம்.

"தம்பி, செம்பரம்பாக்கத்துல தண்ணி திறந்துட்டாங்கன்னு தெருவுல பேசிக்கறாங்கப்பா. நீங்க போட்டிருக்கறதுல வெளியேற்றம் 0-ன்னு காட்டுதே. சாமானை எல்லாம் மாடிக்கு ஏத்தட்டுமா, வேணாமா?"

எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஓடிப் போய் காமன் ரூம் டி.வி.யைப் பார்த்தா, உபரி நீர் திறப்புன்னு கீழே செய்தி ஓடுது. எங்க பக்கத்துல 0. அதுவும் பச்சை நிறத்துல. பக்கத்துல "லைவ்" புள்ளி ஜம்முனு சிமிட்டிக்கிட்டிருக்கு.

"அம்மா, எங்களோடதை நம்பாதீங்க. டி.வி.யில சொல்றதைக் கேளுங்க. முதல்ல சாமானை ஏத்திடுங்க"ன்னு சொல்லிட்டு வெச்சேன். அன்னைக்குத் தண்ணி அவங்க தெரு முனையோட நின்னுடுச்சு. அது அவங்க அதிர்ஷ்டம். அதுல எங்க சாமர்த்தியம் எதுவும் இல்ல.

அப்புறம் உட்கார்ந்து கோடைப் பார்த்தோம். நாங்க டேட்டா எடுக்கற பக்கத்துல அன்னைக்குக் காலையில அட்டவணையில ஒரு கட்டம் கூடியிருந்தது. எங்க ஸ்கிரிப்ட்டுக்கு வெளியேற்றம் எந்தக் கட்டத்துல இருக்குன்னு தெரியல. அதனால வெறுமையா எடுத்துக்கிச்சு. வெறுமையா இருந்தா சார்ட் எரர் அடிக்குதேன்னு, முன்னாடியே நான்தான் ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன். பாண்டாஸ் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்ச வரிதான்: ஃபில்-என்-ஏ, அடைப்புக்குறிக்குள்ள பூஜ்ஜியம். "தெரியாது"ங்கறதை அந்த ஒரு வரி "தண்ணி திறக்கல"ன்னு மாத்திடுச்சு.

இன்னொரு தப்பும் இருந்தது. பக்கம் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிஃப்ரெஷ் ஆச்சு, சரி. ஆனா டேட்டா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். காலையில எடுத்த நம்பரை ராத்திரி வரைக்கும் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை புதுசு மாதிரி காட்டிக்கிட்டிருந்தோம். அந்தப் பச்சைப் புள்ளி சொன்னது வடிகட்டின பொய்.

சி.எஸ்.கே. ரெண்டு வருஷம் ஜெயிக்கவே இல்லையா?

"இது வெள்ளம், சீரியஸ் மேட்டர். ஐ.பி.எல். டாஷ்போர்டுல என்ன ஆகிடப் போகுது?"ன்னு கேட்கலாம். உயிர் போகாதுதான். ஆனா தப்பு அதேதான்.

கிரிக்‌ஷீட் தளத்துல பந்து வாரியா டேட்டா இலவசமா கிடைக்குது. அதை எடுத்து சி.எஸ்.கே. வருஷா வருஷம் எத்தனை மேட்ச் ஜெயிச்சதுன்னு ஒரு கோடு வரைஞ்சு பாருங்க. விடுபட்ட இடத்துல பூஜ்ஜியம் போட்டிருந்தா, 2015-ல மேலே இருக்கற கோடு 2016, 2017-ல தரையில விழுந்து, 2018-ல எழுந்து கோப்பையைத் தூக்கும். சினிமாக் கதை மாதிரி இருக்கும். ஆனா அந்த ரெண்டு வருஷம் அந்த டீம் தடையில இருந்தது, ஆடவே இல்ல. ராஜஸ்தானுக்கும் அதே கதைதான். ஆடாததும் தோத்ததும் ஒண்ணா? சி.எஸ்.கே. ரசிகன் ஒருத்தனைக் கூப்பிட்டுக் கேளுங்க, நல்லாச் சொல்லுவான்.

அதே மாதிரி புனே டீம். 2016-ல பேரு ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட்ஸ். 2017-ல கடைசி "ஸ்" மட்டும் போயிடுச்சு. டேட்டாவுல இதைக் கவனிக்காம விட்டா டிராப்-டவுன்ல ரெண்டு தனி டீமா வந்து நிக்கும். டெல்லி 2019-லயும் பஞ்சாப் 2021-லயும் பேரை மாத்தினாங்க. இதையெல்லாம் சேர்த்து வைக்காம "அதிக வெற்றி பெற்ற அணிகள்"னு ஒரு பார் சார்ட் போட்டா, அந்தப் பட்டியலே தப்பு.

ஸ்ட்ரைக் ரேட்டைப் பத்தியும் சொல்லணும். குறைஞ்சபட்சம் இத்தனை பந்துன்னு ஃபில்டர் வைக்காம வரிசைப்படுத்தினா, ஒரே பந்து ஆடி அதுல சிக்ஸர் அடிச்ச பவுலர் 600-ஓட முதல் இடத்துல நிப்பார். அது கணக்குப்படி சரி, ஆனா அதை வெச்சு என்ன பண்ண? இன்னொண்ணு, 2013-ல ஆர்.சி.பி. அடிச்ச 263 ரன் 2024 மார்ச் வரைக்கும் ஐ.பி.எல்.லோட அதிகபட்சம். அந்த மார்ச்ல ஹைதராபாத் 277 அடிச்சது, மூணு வாரத்துக்குள்ள அதே டீம் 287 அடிச்சது. 2023-லேருந்து இம்பாக்ட் பிளேயர் விதி வந்து ஒவ்வொரு டீமுக்கும் கூடுதலா ஒரு பேட்ஸ்மேனை இறக்க வழி கிடைச்சிருக்கு. இதைப் பத்தி ஒரு வரி குறிப்புகூட இல்லாம 2008-ஐயும் 2024-ஐயும் ஒரே தராசுல நிறுத்தற சார்ட், பார்க்கறவனுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லுது.

கிராஃப் ஏறினா நிஜமும் ஏறிச்சா?

நாட்டு நடப்புக்கு வருவோம். 2020 ஜனவரி 22-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோட கோவிட் டாஷ்போர்டு வெளியாச்சு. பேராசிரியர் லாரன் கார்ட்னரும் அவரோட ஆராய்ச்சி மாணவர் என்ஷெங் டாங்கும் சேர்ந்து ஆரம்பிச்சது. உலகமே பார்த்த அந்தப் பக்கத்தைத் தொடங்கினதுல ஒருத்தர் நம்மை மாதிரி ஒரு மாணவர். இந்தியாவுலயும் தன்னார்வலர்கள் சேர்ந்து கோவிட்-19 இந்தியா தளத்தை நடத்தினாங்க. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வடிவத்துல வெளியிட்ட அறிக்கைகளைப் பார்த்து, சரிபார்த்து ஏத்தினாங்க. 2021 அக்டோபர் 31-ஓட நிறுத்தறோம்னு முன்கூட்டியே அறிவிச்சிட்டு நிறுத்தினாங்க. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அந்த அறிவிப்புதான். பராமரிக்க முடியாதப்போ சொல்லிட்டு மூடறதும் பொறுப்புதான்.

இப்போ ஒரு கேள்வி. 2020 ஜூலை 22-ம் தேதி தமிழ்நாட்டுக் கோவிட் மரணக் கணக்குல, முன்னாடி விடுபட்டுப்போன 444 மரணங்களை ஒரே நாள்ல சேர்த்தாங்க. தினசரி கிராஃப் போட்டா அன்னைக்கு ஒரு பெரிய ஊசி மாதிரி ஏறி நிக்கும். அன்னைக்கு அத்தனை பேர் சாகல. அது கணக்கு திருத்தின நாள். பக்கத்துல ஒரு சின்னக் குறிப்பு இல்லேன்னா, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த சி.எஸ்.வி.யை எடுக்கற ஜூனியர், "ஜூலை 22-ல அலை உச்சம்"னு ரிப்போர்ட்ல எழுதுவான். நம்ம லேப்ல கண்டிப்பா யாரோ எழுதியிருப்பாங்க.

பெரிய இடத்துலயும் இது நடக்கும். அதே வருஷம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பத்துல இங்கிலாந்துல 15,841 கோவிட் கேஸ்கள் தினசரி எண்ணிக்கையில வராம விட்டுப்போச்சு. காரணம், பழைய எக்ஸல் ஃபைல் வடிவத்துல 65,536 வரிசைக்கு மேல இடம் கிடையாது. மிச்சம் சத்தமில்லாம வெட்டுப்பட்டுடுச்சு. அந்த நாட்கள்ல கிராஃப் பார்க்க நல்லாத்தான் இருந்திருக்கும்.

தேர்தல் வரைபடமும் இப்படித்தான். 2014 மக்களவைத் தேர்தல்ல தமிழ்நாட்டுல 39-க்கு 37 தொகுதி அ.தி.மு.க.வுக்கு. தொகுதிக்கு ஒரு நிறம்னு வரைஞ்சா மாநிலமே கிட்டத்தட்ட ஒரே நிறம். ஆனா அவங்க வாங்கினது சுமார் 44 சதவீத ஓட்டு. சுமார் 23 சதவீத ஓட்டு வாங்கின தி.மு.க.வுக்கு அந்த மேப்ல ஒரு புள்ளிகூட இல்ல. மேப் பொய் சொல்லல. ஆனா யார் ஜெயிச்சாங்கங்கறதை மட்டும் சொல்லிட்டு, மக்கள் என்ன நினைச்சாங்கன்னு சொன்ன மாதிரி பாவனை பண்ணுது. பக்கத்துலயே ஓட்டு சதவீதத்துக்கு ஒரு பார் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம்.

"மார்க் வராதே மச்சி!"

இதைச் சொன்னப்போ என் டீம்மேட்டே கேட்டான். "ரிவ்யூவுல யாருடா இதையெல்லாம் பார்க்கறாங்க? சாம்பல் நிறத்துல 'தகவல் இல்லை'ன்னு இருந்தா, ப்ராஜெக்ட் முடியலன்னு நினைச்சு மார்க்கைக் குறைப்பாங்க." நியாயமான பயம். ரிவ்யூவுல நிறையப் பேர் பார்க்கறது கலரும் அனிமேஷனும்தான். ஆனா வைவாவுல "இந்த இடம் ஏன் காலியா இருக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டா, அதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவனுக்குத் தன் டேட்டா தெரியும்னு அர்த்தம். பை சார்ட்டைச் சுத்த வெச்சவனுக்கு அந்த வாய்ப்பே வராது.

இன்னொருத்தன் சொன்னான்: "அப்போ நாம பேசாம ஐ.பி.எல்.லோட நின்னுக்கலாம். வெள்ளம், தேர்தல்லாம் நமக்கு எதுக்கு?" இதை நான் ஒத்துக்க மாட்டேன். பி.டி.எஃப்.லயும் அட்டவணையிலயும் சிதறிக் கிடக்கற விஷயத்தை ஒரு சாதாரண அம்மா புரிஞ்சுக்கற மாதிரி காட்ட நம்மால முடியும். அந்த ஏரிப் பக்கத்தை அவங்க நம்பினதே அதுக்குச் சாட்சி. அவ்வளவு நம்பறவங்களுக்கு நாம செய்ய வேண்டியது, எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சு நிறுத்தறது.

நான் இப்போ வெச்சிருக்கற பழக்கம் இதுதான். டாஷ்போர்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அது எந்தக் கேள்விக்குப் பதில்னு ஒரு வரியில எழுதறேன். எழுத வரலேன்னா ஆரம்பிக்கறதில்ல. பக்கம் எப்போ ரிஃப்ரெஷ் ஆச்சுன்னு போடறதில்ல, டேட்டா எந்த நாள் எந்த நேரத்தோடதுன்னு பெருசா போடறேன். விடுபட்டதை விடுபட்டதாவே விடறேன். ப்ளாட்லியில வெறுமையான இடத்துல கோடு தானாவே அறுந்து நிக்கும். அதைப் பூஜ்ஜியம் போட்டு ஒட்ட வைக்கறது நாமதான். உயிர், உடைமை சம்பந்தப்பட்டதுன்னா, அரசு எச்சரிக்கையைப் பாருங்கன்னு முதல் வரியிலயே எழுதறேன். பார்த்துக்க ஆள் இல்லாதப்போ பக்கத்தை இறக்கிடறேன்.

ஏரி டாஷ்போர்டு திரும்ப மேல வந்திருக்கு. "லைவ்" புள்ளி இல்ல. டேட்டா ஒரு நாளுக்கு மேல பழசானா டேங்க் சாம்பல் நிறமாகி, "இன்றைய தகவல் கிடைக்கவில்லை"ன்னு காட்டும். போன மாசம் ஒரு நாள் ரூம்மேட்டோட அம்மா வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க: "தம்பி, இன்னைக்கு சாம்பல் கலர்ல இருக்கு. சரி, நான் டி.வி. பார்த்துக்கறேன்."

இந்த செமஸ்டர் உங்க கோடைத் திறந்து, ஃபில்-என்-ஏ எங்கெல்லாம் இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. ஒவ்வொரு இடத்துலயும் உங்களையே கேட்டுக்கோங்க: இது நிஜமாவே பூஜ்ஜியமா, இல்ல எனக்குத் தெரியாதா?