ஹொப் பூவும் தோப்பியும்

வீட்டிலே பியர் வடித்தல் மேனாடுகளில் இன்று பலர்க்கும் உவப்பான பொழுதுபோக்கு. நோர்வே, லிதுவேனியா முதலிய நாடுகளின் பண்ணைவீடுகளில் வழிவழியாக வடிக்கப்பட்டுவரும் ‘ஏல்’ என்னும் பியர் வகை இவ்வார்வம் உடையாரைப் பெரிதும் ஈர்த்துள்ளது. முன்னறியாத ஹொப் இனம் ஒன்றை அதில் இட்டுச் சுவைப்பதும், கண்டதைக் குறித்து வைப்பதும் அவர்தம் வழக்கம். இதனைத் தமிழாசிரியன் ஒருவன் பேசுவானேன் என்று வினவலாம். இச்செய்தியைத் தமிழில் எழுதப் புகும் மாணவன் ‘மது’ என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றான். அக்குறை மொழியினது அன்று, பயிற்றும் முறையினது. இதுவே ஈண்டு யான் கூறவந்தது.

ஹொப் என்பது கொடிவகை. அதன் பெண்பூங்கொத்தின் இதழ்களிடையே மஞ்சள் நிறப் பொடி உண்டு. அதனைத் தொடக்கத்திலேயே இட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தால் கைப்பு மிகும். மணம் ஆவியோடு போகும். இறக்கும் வேளையில் இட்டால் மணம் நிற்கும், கைப்புக் குறையும். இனந்தோறும் வீறும் வேறுபடும். பொகீமிய நாட்டுச் சாட்ஸ் இனத்தில் கைப்புத் தரும் அமிலம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கு. அமெரிக்கச் சிட்ரா இனத்தில் ஏறத்தாழ 12 பங்கு. பழகிய பூவின் அளவிலேயே புதுப்பூவையும் இட்டவன் பானத்தை வாயில் வைக்க இயலாது. ஆதலின், தேர்ந்தவர் தானியம், நீர், மதுவம் ஆகியவற்றை முன்போலவே வைத்துப் பூவை மட்டும் மாற்றுவர். சிறிதளவே வடித்துப் பார்ப்பர். ஒன்றை மாற்றி ஏனையவற்றை நிறுத்தி ஆராயும் இம்முறை எக்கலைக்கும் பொருந்துவது அன்றோ?

நம் மலைநாட்டுக்கும் ஹொப்புக்கும் பழைய உறவு உண்டு. 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணைக் குடியிருப்பை அமைக்க முனைந்தார். அடுத்த ஆண்டில் அவர் தொடங்கிய பியர் வடிப்பே பின்னாளில் அங்கு வளர்ந்த வடிசாலைக்கு முதல் என்பர். அவ்வடிசாலை 1990களின் இறுதியில் கொழும்பை அடுத்த பியகமவுக்குச் சென்றுவிட்டது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அம்மலை இங்கிலாந்தின் குளிரைத் தந்தது. ஆனால் இங்கிலாந்தின் பகலைத் தர அதனால் இயலவில்லை. ஹொப் செழித்துப் பூக்க நெடிய கோடைப்பகல் வேண்டும். கென்று நாட்டில் ஆனி மாதப் பகல் பதினாறு மணித்தியாலத்தைக் கடக்கும். நுவரெலியாவிலோ ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வேறுபாடும் இல்லை. தேயிலை வேரூன்றிய மண்ணில் ஹொப் தோட்டங்கள் எழாமைக்கு இஃது ஒரு காரணம்.

பூ நமக்கு அயலது. வடிக்கும் கலை அயலதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை நோக்குக. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற வைத்து, நெல்முளை அடையை அதில் அளைந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுக்கும் முறையை அப்புலவர் படிப்படியாகக் கூறுகின்றார். தானியத்தை முளைக்கவிட்டால் மாப்பொருள் இனிப்பாகும். இனிப்பு நொதித்து வெறியாகும். வாற்கோதுமையை முளைக்கவைக்கும் மேனாட்டு வடிசாலையின் அடிப்படையும் இதுவே. வீட்டில் வடித்த நெற்கள்ளுக்குத் ‘தோப்பி’ என்னும் தனிப்பெயரும் அந்நூலிலேயே உண்டு. பண்ணைவீட்டு ஏலைச் சுட்டுதற்கு இதனினும் பொருத்தமான சொல் வேறு யாது? நெல்லுக்குரிய பெயரை வாற்கோதுமைக்கும் விரித்து வழங்குதல் மரபுக்கு முரணாகாது. எள்ளின் நெய்க்கு உரிய ‘எண்ணெய்’ தேங்காய்க்கும் ஆகிவரவில்லையா?

ஆங்கிலேயர் 15ஆம் நூற்றாண்டில் தாழ்நாடுகளிலிருந்து ஹொப் கலந்த பானத்தைப் பெற்றபோது, ஹொப் கலவாத தம் பழம்பானத்தை ‘ஏல்’ என்றும், புதியதைப் ‘பியர்’ என்றும் பிரித்து வழங்கினர். புதுப்பொருள் வந்தபோது பழஞ்சொல்லை அவர் எறிந்துவிடவில்லை. நாமோ கள், நறவு, தேறல், தோப்பி, அரியல் என்றிருந்த வேறுபாடுகளை எல்லாம் ‘மது’வில் கரைத்துவிட்டோம்.

மலையகத்தில் இப்பேச்சு தகுமா என்று சான்றோர் சிலர் தடுப்பர். அவர் அச்சம் வெறும் அச்சமன்று. சம்பளநாளின் கூலி சாராயக் கடைக்கும் கசிப்புக்கும் போக, அடுப்பெரியாத லயன்களை அறியாதார் ஈண்டு யாவர்? அனுமதிப்பத்திரமின்றி வடித்தலை 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமும் தடுக்கின்றது. எவரும் வடித்துப் பருகுக என்று யான் கூறவில்லை. ஆயினும், செய்யுளின் அப்பகுதியை வகுப்பறையில் கடந்து செல்வதால் ஒரு குடிகாரனேனும் திருந்தியதுண்டா? மாணவன் இழப்பது கள்ளை அன்று. கலையை, சொல்லை, முன்னோர் அறிவை. நொதித்தல் இன்னதெனத் தெளிந்தவனே கசிப்பில் கலக்கும் நஞ்சையும் அறிந்து அஞ்சுவான்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்கள் பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியை விஞ்ஞான பாடத்தின் நொதித்தலோடு இணைத்துக் கற்பித்தல் வேண்டும். புதிய ஹொப் இனத்தை ஆராய்ந்தவர் எழுதிய குறிப்பொன்றைத் தந்து, அதனைத் தூய எளிய உரைநடையில் எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். ‘ஹொப்’ அப்பெயராலேயே வழங்கட்டும். பிற நாட்டுப் பூவுக்குப் பிற நாட்டுப் பெயர் இழுக்கன்று. ஆனால் முளையும் விளைவும் பிழிவும் தோப்பியும் நம்முடையவை. அவற்றை நாம் எடுத்து வழங்காவிடின், வழங்குவார் வேறு எவருமிலர்.