ஐந்து கோல் வாங்கிய பிறகு



கடந்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் என்னைக் காணப் பள்ளிக்கு வந்திருந்தார். மகனைக் காற்பந்துக் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். "பந்து உதைத்து இவன் என்னவாகப் போகிறான், டீச்சர்? கணக்கில் பின்தங்கி நிற்கிறான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது.

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கும்போதெல்லாம் உடற்கல்விப் பாடவேளையை வாங்கிக் கணிதம் நடத்தியவர்களுள் நானும் ஒருத்தி. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் கே.ராஜகோபால் நினைவுக்கு வந்தார். செத்தாப்பாக்கில் பிறந்து, சிலாங்கூருக்கும் தேசியக் குழுவுக்கும் ஆடி, பின்னர் பயிற்றுநரானவர். 2009இல் தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பி.சத்தியநாதனும் நம் இனத்தவரே என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

அவ்வாண்டு டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், குழுச் சுற்றில் வியட்னாமிடம் 1-3 எனத் தோற்றோம். இறுதியாட்டத்தில் அதே வியட்னாமை 1-0 என வென்றோம். 1989க்குப் பிறகு, இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த காற்பந்துத் தங்கம் அது. மறு ஆண்டு சுசுகி கிண்ணத்திலும் அதே கதைதான். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5. மறுநாள் காப்பிக்கடைகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் அதே இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தினோம். ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் முதன்முறையாக நம் கைக்கு வந்தது. அக்குழுவில் நம் எஸ்.குணாளனும் இருந்தார். டிசம்பர் 31ஐப் பொது விடுமுறையாகவும் அறிவித்தார்கள். பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் ஆசிரியர்களாகிய நமக்கு அதில் இலாபம் ஒன்றுமில்லை!

ஐந்து கோல் வாங்கிய இளைஞர்களை நான்கே வாரங்களுக்குள் அதே எதிரணியின் முன் நிமிர்ந்து நிற்க வைப்பது எப்படிப்பட்ட வேலை? நாம் குறைநீக்கல் வகுப்பில் செய்ய முயல்வதும் அதையே அல்லவா? எண்பது விழுக்காடு பிழையுடன் தாளைத் திரும்பப் பெறும் மாணவனுக்கு நாம் இன்னொரு பயிற்றித்தாளைத்தான் கொடுக்கிறோம். தோற்றவனிடம் மறுநாள் எப்படிப் பேசுவது என்பதை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை. ஒரு நல்ல பயிற்றுநருக்கு அது அன்றாட வேலை.

காற்பந்து ஆடும் பையன்கள் எல்லாரும் ராஜகோபாலாகி விடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிப் பெற்றோரை ஏமாற்றுவதும் தவறு. பெரும்பாலோர் ஆக மாட்டார்கள். ஆயினும், தோற்ற பிறகு மறுபடியும் திடலுக்குப் போகும் பழக்கத்தை அவன் எங்கே கற்பான்? என் கணித வகுப்பில் அவன் அதைக் கற்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகளைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லி எந்தத் தாயாரும் வருவதில்லை; அவர்களை நாம் சேர்த்தால்தானே! 1966இல் பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எம்.ராஜமணியின் பெயரை எங்கள் ஆசிரியர் அறையில் கேட்டேன். இருவருக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். வாரம் இருமுறை, பயிற்சிக்கு முன் அரை மணி நேரம், திடலோரச் சிமெண்டு மேடையில் பின்னக் கணக்கை நானே சொல்லித் தருகிறேன் என்றேன். பள்ளி விடுமுறை வரை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். உடற்கல்விப் பாடவேளையை இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை என்று தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பு. பையன் காலணியை மாட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.