வழி மலிவு, தங்கல் கிராக்கி

1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவில் கோபால கிருஷ்ண கோகலேயின் இல்லத்தில் ஒரு மாத காலம் விருந்தினராக இருந்துவிட்டு ராஜ்கோட்டுக்குப் புறப்பட்ட பாரிஸ்டர் மோகன்தாஸ் காந்தி, முதல் வகுப்பில் சௌகரியமாகப் போகும் வசதி தமக்கு இருந்தும், ஏழைப் பிரயாணிகள் படும் பாட்டைத் தாமும் பட்டுப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்தால் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டு வாங்கிக்கொண்டு, காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் ஊருக்கு ஒரு நாள் வீதம் இறங்கி, பாலன்பூர் நீங்கலாக மற்ற இடங்களிலெல்லாம் தர்மசாலைகளிலும் பண்டாக்கள் என்னும் க்ஷேத்திரப் புரோகிதர்களின் வீடுகளிலும் சாதாரண யாத்திரிகர்களோடு யாத்திரிகராகத் தங்கி ஊர் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு அணா விலையுள்ள ஒரு கித்தான் பை, கம்பளி நூலில் நெய்த நீண்ட கோட்டு, ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சட்டை, ஒரு போர்வை, ஒரு செம்பு, கோகலே கொடுத்த பலகாரப் பாத்திரம் ஆகியவையே அவருடைய மூட்டை முடிச்சுகள். ரயில் கட்டணம் உட்பட முப்பத்தொரு ரூபாய்க்கு மேல் செலவாகவில்லை என்று சுயசரிதத்தில் நினைவுகூர்கிறார். காசியில் தம்மை வரவேற்ற பண்டாவிடம், ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் தட்சிணை கொடுக்கத் தமக்குச் சக்தியில்லை என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த யாத்திரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தப் பேரந்தான்.

முப்பத்தொரு ரூபாய் என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் பல மாத வருமானம் என்பதை மறந்துவிட்டு அதனை எளிமையின் சிகரம் என்று கொண்டாடுவது நியாயமன்று. ஆயினும், பனிக்காலத்தில் தன்னந்தனியாக ஒருவன் பல பட்டணங்களைக் கண்டுவர வேண்டுமானால், அவனுக்கு மலிவான வண்டியும் மலிவான படுக்கையும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்னும் கணக்கு அந்த யாத்திரையில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சர்க்கார் கவனித்து மற்றொன்றைச் சந்தையிடம் விட்டுவிட்டது என்பதே என் குறை.

பாகூர்க் கொம்யூனில், தென்பெண்ணையாற்றின் பக்கத்தில், புதுச்சேரிப் பட்டணத்தைக் காட்டிலும் கடலூருக்கே அதிகம் சமீபமாக இருக்கும் எங்கள் குருவிநத்தத்திலிருந்து ஓர் இளைஞன் இன்றைக்கு அப்படிப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். கார்த்திகை கழியும் வரையில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஆற்றின் மேல்தான் கண் இருக்கும். 2024இல் ஃபெங்கல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பாகூர்ப் பிரதேசத்து ஊர்களில் புகுந்ததை யாரும் மறந்துவிடவில்லை. ஆகையால் மழை ஓய்ந்து, சம்பா கதிர் முற்றி, அறுவடைக்கு ஆள் தேடும் நாள் வருவதற்கு முன்னால் உள்ள மார்கழியின் சில வாரங்களே அவனுக்கு வாய்க்கும் ஓய்வுக் காலம். புதுச்சேரி நிலையத்திலிருந்தே புதுதில்லிக்கும் ஹௌராவுக்கும் வாரந்தோறும் வண்டி உண்டு. சென்னையிலிருந்து தில்லி வரையில் உள்ள ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரை இரண்டாம் வகுப்புப் படுக்கையில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கடந்துவிடலாம். பயணி ஒருவருக்கு ஆகும் செலவில் சராசரியாக 46 விழுக்காட்டை ரயில்வே தானே ஏற்றுக்கொள்வதாக ரயில்வே அமைச்சர் 2024இல் நாடாளுமன்றத்திலேயே கூறியிருக்கிறார். உலகத்தில் இவ்வளவு தூரத்தை இவ்வளவு சொற்பக் காசுக்குக் கடக்கக்கூடிய தேசங்கள் மிகச் சிலவே.

வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் அவனுடைய கஷ்டம் ஆரம்பமாகிறது. மார்கழிக் குளிர் என்றால் எங்கள் ஊரில் இருபது பாகை. அதற்கே காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வோம். தில்லியில் ஜனவரி மாதத்து இரவு ஏழு பாகைக்கு இறங்குகிறது. மூடுபனி கவிந்துவிட்டால் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. அந்தக் காலத்து யாத்திரிகர்களைப் போல ஸ்டேஷன் நடைமேடையில் துண்டை விரித்துப் படுத்துவிட முடியாது. தனி அறை எடுக்கவோ கட்டுப்படியாகாது. எனவே அவன் தேடிப் போக வேண்டியது, ஒரே கூடத்தில் ஆறு பேரோ எட்டுப் பேரோ அடுக்குக் கட்டில்களில் படுத்து, பூட்டைத் தாமே கொண்டுவந்து சாமான்களை லாக்கரில் வைத்துக்கொண்டு, குளியலறைக்கு வரிசையில் நிற்கும் ஹாஸ்டலைத்தான். 2013இல் ஜோத்பூரில் தொடங்கிய ஸோஸ்டலும் அதைப் பின்பற்றி வந்த பிற நிறுவனங்களும் வட நாட்டுப் பட்டணங்களில் இவ்வகை விடுதிகளைப் பரப்பியிருக்கின்றன. ஒரு கட்டிலுக்கு இரவொன்றுக்கு 500, 600 ரூபாய் என்பது சாதாரண வாடகை. வருஷக் கடைசியில் அது கணிசமாக ஏறிவிடும். நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டுக்குப் புதுச்சேரிக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், ஓர் இரவு கண்ணயர்வதற்கு ஒன்றரை நாள், சமயத்தில் இரண்டு நாள், குனிந்து மண் வெட்ட வேண்டும் என்று ஆகிறது. நான்கு ஊர்களில் நான்கு இரவு தங்கினால், தில்லிக்குப் போகவர ஆகும் வண்டிச் சத்தத்தையே அது விழுங்கிவிடும்.

நம்முடைய முன்னோர்கள் இந்த விஷயத்தை நேர்மாறாக ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்களுக்கு வழி கடினம். கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ மாதக்கணக்கில் போக வேண்டும். ஆனால் பொழுது சாயும் இடத்தில் ஒரு சத்திரம் இருந்தது. ராமேசுவரத்துக்குப் போகும் சாலையில் தஞ்சை மராட்டிய அரசர்கள் வரிசையாகச் சத்திரங்களைக் கட்டி வைத்தார்கள். அவற்றின் மானியங்களில் கும்பினியார் கை வைத்துவிடுவார்களோ என்று அஞ்சிய இரண்டாம் சரபோஜி 1801இல் எழுதிய கடிதத்தில், அங்கே வழிப்போக்கர்களுக்கு அன்னமிடுவதோடு, நோயுற்றவர்களை வைத்தியர் பார்ப்பதையும், அனாதைப் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் பாடம் சொல்வதையும், கர்ப்பிணிகளைப் பராமரிப்பதையும், வழியில் இறந்துபோனவர்களுக்கு உத்தரகிரியைகள் நடப்பதையும் விவரமாக எடுத்துரைத்திருக்கிறார். ஓர் அரசர் தம் ராஜ்யத்தின் கௌரவமே இந்தத் தர்மத்தில் இருப்பதாகக் கருதி அந்நியரிடம் வாதாடிய அந்தக் கடிதத்தை நம் சுற்றுலாத் துறை அதிகாரிகள் ஒரு முறையாவது படிக்க வேண்டும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது; காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஏற்படுத்திய சத்திரம் பல தலைமுறைகளாக நடக்கிறது.

சத்திரத்தைப் புகழும்போது அதன் களங்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சோறு எல்லோருக்கும் உண்டு என்று இருந்த இடங்களிலும் பந்தியும் திண்ணையும் சாதிக்குச் சாதி வேறாக இருந்தன. பிற்காலத்தில் செல்வர்கள் கட்டியவற்றுள் பல, தங்கள் குலத்தாருக்கு மட்டுமே கதவைத் திறந்தன. அந்த வகையில் இன்றைய ஹாஸ்டல் கட்டில் சந்தேகமில்லாமல் மேலானது. மேல் கட்டிலில் ஒரு பிரெஞ்சு மாணவனும் கீழ்க் கட்டிலில் எங்கள் ஊர்ப் பையனும் படுத்திருக்க, இருவரில் யார் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று கேட்பார் இல்லை. பொதுச் சமையலறையில் தேநீர் கொதிக்கும் நேரத்தில் கிடைக்கும் சிநேகத்தைத் தனி அறைக்காரன் எந்தக் காசைக் கொடுத்தும் வாங்க முடியாது.

ஆனால் குலத்தைக் கேட்காத கட்டில் முகவரியைக் கேட்கிறது. உள்ளூர் ஆதார் அட்டை வைத்திருப்பவருக்கு இடமில்லை என்று பல பட்டணங்களில் இவ்வகை விடுதிகள் எழுதாத சட்டமாக, சில இடங்களில் எழுதிய சட்டமாகவே வைத்திருக்கின்றன. குடித்துவிட்டு வந்து கலகம் செய்வார்கள் என்பது அவர்கள் கூறும் காரணம். எங்கோ ஜெய்ப்பூரில் இடம் கிடைக்கும் குருவிநத்தத்துப் பையன், தன் சொந்தத் தலைநகராகிய புதுச்சேரியின் கடற்கரைத் தெருக்களில் ஓர் இரவு தங்க நினைத்தால், அட்டையில் உள்ள பின்கோடைப் பார்த்துவிட்டு விடுதிக்காரர்கள் கையை விரித்துவிடக் கூடும். பழைய காலத்துத் திண்ணைப் பாகுபாட்டை இது எனக்கு நினைவூட்டுகிறது என்று சொன்னால் விடுதிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

வரி விதிப்பிலும் இதே அசிரத்தைதான். நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்த தங்குமிடங்களுக்கு 2022 ஜூலை வரையில் சரக்கு, சேவை வரி இருந்ததில்லை. அந்த மாதம் 12 விழுக்காடு விதித்தார்கள். 2025 செப்டம்பரில் 5 விழுக்காடாகக் குறைத்தபோது, 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கும் அதே விகிதத்தையே வைத்தார்கள். ஐந்நூறு ரூபாய் அடுக்குக் கட்டிலும் ஏழாயிரம் ரூபாய்க் குளிர்சாதன அறையும் ஒரே தட்டில் ஏறின. தொண்ணூறு நாளுக்குக் குறையாமல் தங்குகிறவர்களுக்கு, மாத வாடகை 20,000 ரூபாய்க்கு மிகாதிருந்தால் 2024 முதல் விலக்கு உண்டு. ஒரு நாள் தங்கிப் போகும் ஏழைக்கு அந்த விலக்கு கிடையாது. கட்டில் வாடகை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் பழையபடி வரியை நீக்கிவிடுவதே முறை.

புதுச்சேரி சர்க்கார் தன் அளவிலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தில்லி சாணக்கியபுரியில் நம்முடைய புதுச்சேரி இல்லம் இருக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் தங்கும் அந்த மனையில் ஒரு கூடத்தை ஒதுக்கி, இருபது கட்டில்களும் கனத்த போர்வைகளும் வெந்நீரும் வைத்து, மார்கழி, தை மாதங்களில் கொம்யூன் தோறும் விண்ணப்பித்து வரும் இளைஞர்களுக்கு இரவொன்றுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது. முத்தியால்பேட்டையை அடுத்த சோலை நகரில் சர்க்காருடைய இளைஞர் விடுதி இருக்கிறது; அங்கே பிற மாநிலப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்து, பதிலுக்கு நம் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரில் இடம் கேட்டு வாங்கலாம். ஊர் சுற்றுவதற்கெல்லாம் அரசாங்கம் பணம் கொடுப்பதா என்று கேட்பவர்கள், நூற்றுக்கு நாற்பத்தாறு வீதம் அது ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். கல்விக்காகப் பாகூருக்கு மூன்று ஊர்களை மானியமாக விட்டதைப் பல்லவர் காலத்துச் செப்பேடு கூறுகிறது. அதே பாகூரின் பிள்ளைகள் தேசத்தைப் பார்த்து வருவதற்கு இருபது கட்டில்களைக் கேட்பது அப்படி ஒன்றும் பேராசையல்ல.

அந்தக் கட்டில்களிலும் பெண்களுக்கான கூடத்தையே முதலில் திறக்க வேண்டும் என்பேன். பையன் தனியாகப் போகிறேன் என்றால் எங்கள் ஊர்த் தாய்மார்கள் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார்கள். பெண் அதையே சொன்னால், தங்குமிடத்தின் கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.